கன்னையன் பிடித்த கயிறு

நெருப்பெரிச்சல்,
11.3.2007

அன்புத் தம்பி அருள்குமாருக்கு,

அக்கா தமிழ்மதி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். டாக்காவில் உனக்கு வயிற்றுக் கோளாறு சரியாகிவிட்டது என்று அனுசுயா சொன்னாள். இருந்தாலும் வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்.

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போனில் நான் விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

போன வாரம் வேலம்பாளையம் போய் உன் மனைவியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வந்தேன். நதியா நன்றாக வளர்ந்துவிட்டாள். அப்பா பேர் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு ‘டாக்கா அப்பாங்க’ என்றாளாம். அனுசுயா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நீ சொந்தமாக நான்கு நிட்டிங் மெஷின் போட்டு உட்காரப்போகும் ஷெட்டையும் காட்டினாள். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

உன் மச்சானுக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து ஐந்து வருடமாகிறது. வேலிக்கு நடும் கல்லுக்கால் இறக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிக்காரர்களோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது. வேலி வேலை முழுவதையும் நானே பார்க்கிறேன். வேலைக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் பயிர் வைத்தவர்கள் ஆடு மாட்டுக்குப் பயந்து வேலி கேட்டார்கள். இப்போது எதுவும் விதைக்காமல் வாங்கிப் போட்டவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். தாவரவியல் படித்தவள் கிளுவை வேலியை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல் நடுகிறேன். முதல் ஒன்றிரண்டு வருடம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உன் பேரில் எழுதிவைத்த நான்கு ஏக்கருக்கும் போன மாதமே வேலி போட்டு முடித்தாயிற்று என்று சொன்னேன். எப்படி முடித்தேன் என்று சொல்லவில்லை.

நம் காட்டின் தெற்கு ஓரமாகப் போகும் வண்டித்தடம் உனக்கு நினைவிருக்கும். கன்னையன் அண்ணனின் இரண்டு ஏக்கருக்கும் கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வேறு வழி கிடையாது. பத்திரத்தில் இல்லாத தடம் தடமே இல்லை என்று நீ சொன்னாய். நிலத்தை வாங்குகிறவர்கள் நாலு பக்கமும் அடைத்துக் கேட்கிறார்கள் என்று புரோக்கர் ராசப்பன் சொன்னார். வழி இல்லாமல் போனால் ரெண்டு மாசத்தில் கன்னையனே வந்து ‘என் காட்டையும் வாங்கிக்குங்க’ என்று நிற்பார் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நீயும் அதைக் கேட்டிருப்பாய் என்றே நினைக்கிறேன். நான் கேட்டேன். கேட்ட பிறகும் வேலைக்கு ஆள் அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. குழி வெட்டுவதற்கு முன்னால் எல்லையில் கயிறு பிடிப்போம். ஒரு முனையைக் காட்டுக்காரரும் மறு முனையைப் பக்கத்துக் காட்டுக்காரரும் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு அந்த எல்லையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். சர்வேயர் கல்லை நகர்த்துகிறவர்கள் உண்டு. பிடித்த கயிற்றை மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் வேலி ஒன்றின்மேல்கூட வழக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

அன்று காட்டுக்காரி இடத்தில் உனக்காக நான் நின்றேன். கன்னையன் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து மறு முனையைப் பிடித்தார். கயிறு அவருடைய தடத்தின் மேலேயே போயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் விடும் இடத்திலும் கயிறு ஓடத்தான் செய்யும், வாசலைப் பிறகுதான் அளந்து விடுவோம். ‘அம்மிணி வாசல் உடாமயா போயிரும்’ என்று என்னை நம்பித்தான் பிடித்தார். எனக்கு அது தெரியும். சுண்ணாம்புப் பொடி தூவி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்பி கட்டும்போது, என் ஆட்களில் மூத்தவரான காசிமாயன், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், தடத்தில் நின்றுகொண்டு, “யக்கா, இந்தாளு நாளைக்கு எப்பிடிக்கா போவாரு?” என்று கேட்டார். ‘கம்பியை இழுங்க’ என்றேன். இழுத்தார். ஐந்து வரிசை.

மறுநாளிலிருந்து கன்னையன் அண்ணன் ஓடை வழியாகப் போகிறார். அந்த ஓடையில் இப்போது சாயத்தண்ணீர்தான் ஓடுகிறது. பால் கேனைத் தோளில் வைத்து இறங்கி ஏறுகிறார். சொசைட்டியில் பால் ஊற்ற நிற்கும்போது முழங்கால்வரை அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் இருக்கிறது. இன்னைக்கு என்ன ஆர்டர் ஓடுதுன்னு கன்னையன் காலைப் பாத்தாத் தெரியும் என்று அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாராம். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ‘நானே புடிச்ச கயிறு’ என்று மட்டும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி பழனாத்தாள்தான் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “ஏனுங் அம்மிணி, நீங்க காலேசெல்லாம் படிச்சவீங்க. எங்க மாட்டுக்கு ஒரு சோடி றெக்கை கட்டி உட்ருங்க, அது பாட்டுக்குப் பறந்து போயிக்கும்” என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார். கேலி செய்ததைவிட அதுதான் எனக்கு உறைத்தது. உன் மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது தன்னிடம் கம்பிகூட இல்லை, ஒரு கயிறுதான் இருந்தது என்றார். 

முந்தின வாரம் வியாழக்கிழமை காசிமாயனைக் கூட்டிப்போய்த் தடத்தின் குறுக்கே பத்தடிக்குக் கம்பியை அறுத்து ஒரு கல்லுக்காலைப் பிடுங்கச் சொன்னேன். “போடச் சொன்னதும் நீங்க, புடுங்கச் சொல்றதும் நீங்க. உங்ககிட்ட பெரிய கம்பெனியே தோத்துச்சுக்கா” என்றார். ஆனால் அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு கன்னையன் அண்ணனைத் தேடிப் போய்த் தடம் திறந்துவிட்டது என்று சொன்னேன். கயிறு பிடிக்கும்போதே நான் எல்லாம் தெரிந்துதான் நின்றேன் என்பதையும் சொன்னேன். அவர் மாட்டைக் குளிப்பாட்டுவதை நிறுத்தவில்லை. “நீங்க பெரிய மனசு பண்ணித் தொறந்தீங்க, சரிங்க. நாளைக்கு வேற மாதிரி நெனச்சாச் சாத்திப்போடுவீங்கல்லங்க? நான் புடிச்சது புடிச்சதுதானுங்க. காட்டுக்கு ஒடமக்காரரு வந்து எதுத்த மொனையப் புடிச்சு, தடத்த உட்டு அளந்து குடுக்கட்டும், போறனுங்க. உங்க கையி எனக்கு இனி ஆவாதுங்க அம்மிணி” என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

திறந்து பத்து நாள்தான் ஆகிறது, அதில் ஆடுகள் போகின்றன, சைக்கிளில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் போகிறார்கள். அவர் மட்டும் ஓடையில்தான் இறங்குகிறார்.

ராசப்பன் தினமும் போன் செய்கிறார். தடம் இருந்தால் அவர்களுக்கு நிலம் வேண்டாமாம். மாதக் கடைசிவரை பார்ப்பார்களாம். பவர் பத்திரம் என் பேரில் இருப்பதால் கையெழுத்து நான்தான் போட வேண்டும். போட மாட்டேன். பவரை ரத்து செய்துவிட்டு வேறு யாருக்காவது நீ எழுதிக்கொடுக்கலாம். நான் தடுக்க முடியாது. இந்த விற்பனை நின்றால் உன் மெஷினும் ஷெட்டும் தள்ளிப்போகும், இன்னும் இரண்டு வருடமாவது நீ அங்கேயே இருக்க வேண்டி வரும் என்பது தெரியாமல் எழுதவில்லை. அனுசுயாவிடமும் சொல்லிவிட்டேன்.  நான் கிளம்பிய பிறகு உன்னிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். பேசினாளா என்று எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் தம்பி. நான்கு நாள் லீவு போட்டு வா. உன்னை ஏச மாட்டேன், நிலத்தை விற்காதே என்றும் சொல்ல மாட்டேன். தடத்தோடு வாங்குகிறவர்கள் வந்தால் கொடுத்துவிடு. வந்து அந்தக் கயிற்றை ஒரு தடவை பிடி, போதும். நான் பிடித்தால் செல்லாது என்று ஆகிவிட்டது.

ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே, நேரே காட்டுக்கு வந்துவிடு. காலையில் ஆறு மணிக்கெல்லாம் அவர் கேனோடு ஓடைக்கு இறங்கிவிடுகிறார். அதற்குள் வந்தால் நல்லது.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
தமிழ்மதி