சவரியம்மாள் இல்லாத இடத்தில் நாங்களும் இல்லை

என் அன்பு அப்பா,

தேயிலைத் தோட்டத்தை மூடியதால் மாஞ்சோலைச் சனங்கள் மலையைவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். நீங்கள் காலமெல்லாம் பஸ் ஓட்டிய அந்த மலைப்பாதை வெறிச்சோடிக் கிடக்கிறது. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

இனி நம் வீட்டுச் செய்தி. உங்கள் சாம்பல் நிறக் கண்கள் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடித்துவிட்டேன்.

அந்தக் கண்களுக்காக எத்தனை பேச்சுக் கேட்டீர்கள்! "ஏலே துரை, வண்டிய எடுலே" என்று டிப்போவில் சிரிப்பார்கள். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டீர்கள். உங்கள் அடக்கத்தன்று பெரியப்பா கண்ணாடி போட்ட படத்தைத்தான் எடுத்துவந்தார். நான் விடவில்லை. கண் தெரிகிற படத்தையே வைத்தேன். அன்றைக்குத்தான் தேடுவது என்று முடிவு செய்தேன்.

பெரியப்பாவுக்குக் கோபம். "ஏளா பிலோமி, செத்த கதைய எதுக்குக் கிண்டுத? வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன வம்சம்னு ஊருக்கே தெரியணுமாக்கும்?"

"ஊருக்குத் தெரியும் பெரியப்பா. நமக்குத்தான் சொல்ல வாய் வரல."

பாளையங்கோட்டையில் ஒரு பழைய கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் உங்கள் தாத்தா கிடைத்தார். தகப்பன் மைக்கேல் டோலன், ரயில் பாதை போட வந்தவன், சொந்த இடம் அயர்லாந்தில் கிளேர். தாய் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'உள்ளூர்ப் பெண்' என்று மட்டும் இருந்தது. பங்குச்சாமியார் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அயர்லாந்துக் கோயில் பதிவுகளை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம், அப்பா. டோலன் அங்கே பிறந்தது இருந்தது. திரும்பிப்போய், ஒரு குறையும் இல்லாதவன்போலக் கல்யாணம் செய்துகொண்டதும் இருந்தது. அவன் வழிவந்த மோரா என்ற பெண்ணுக்கு எழுதினேன். இருவரும் மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் கொடுத்தோம். சொந்தம்தான் என்று வந்தது. வீடியோவில் அவள் அழுதாள். அவளுக்கும் உங்கள் கண்.

தங்கள் வம்ச வரலாற்றை அச்சடிக்கப் போவதாகச் சொல்லி, நம் கிளையைச் சேர்த்த பக்கத்தை அனுப்பினாள். மைக்கேல் டோலனுக்குப் பக்கத்தில் 'பெயர் தெரியாத பெண்'. அதற்குக் கீழே உங்கள் தாத்தா, உங்கள் அப்பா, நீங்கள், நான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லறைத் திருநாள்தோறும் கடைசி ஆளாக யாருக்கு ஜெபித்தீர்கள்? "சவரியம்மா எங்க பூட்டி, எங்க தாத்தாவப் பெத்தவ. ரயிலடியில சல்லிக்கல்லு ஒடச்சுப் பிள்ளைய வளத்தவ. அவ பேர மட்டும் விட்ராதட்டி" என்று என்னிடம்தானே சொன்னீர்கள்?

பெயரைச் சொன்னேன். பதிவு இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று மோரா தயங்கினாள்.

"அப்படியானால் எங்கள் எல்லாருடைய பெயரையும் எடுத்துவிடுங்கள். அவள் இல்லாத இடத்தில் நாங்களும் இல்லை" என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. கிடைத்த உறவைக் கெடுத்துக்கொண்டேனோ? இருக்கட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நாளில் திருத்திய பக்கம் வந்தது. 'சவரியம்மாள். ஆதாரம்: குடும்பத்தார் சொன்னது.' சொன்னவர் நீங்கள், அப்பா. எழுதி வைத்ததைவிட உங்கள் வாய்ச்சொல் பெரிது.

பிறகு உங்கள் கல்லறைக் கல்லில் 'சவரியம்மாளின் கொள்ளுப்பேரன்' என்று வெட்டச் சொன்னேன். கல் வெட்டுகிறவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன்.

"என்ன வே பாக்கீரு? நல்லா ஆழமா வெட்டும். எனக்கும் பூட்டிதான் அவ."

டோலனைத் தேடியது போதும், அப்பா. அவனைப் பற்றி எழுத அவனுக்கு ஒரு தேசமே இருந்தது. இனி அவளைத் தேடப் போகிறேன். எந்த ஊர்க்காரி, யார் மகள், எந்த மண்ணில் கிடக்கிறாள்? எந்தப் புத்தகத்திலும் இருக்கமாட்டாள், தெரியும். ரயில் பாதையோரம் ஊர் ஊராக இறங்கி, வெட்கப்படாமல், உரக்க அவள் பெயரைச் சொல்லிக் கேட்பேன். கிடைக்கும்வரை ஓயமாட்டேன்.

உங்கள் மகளும்
சவரியம்மாளின் எள்ளுப்பேத்தியுமான
பிலோமி