பள்ளி விடும் நேரத்துக் கார்கள்

செம்பூர், மும்பை
20 ஜூன் 2024

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

இந்தப் புகாரின் ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது, உங்கள் குமாஸ்தாக்கள் வாசிக்காமல் நீங்கள் மட்டும் வாசிப்பதற்காக.

பள்ளி விடும் நேரத்தில் பெற்றோரின் கார்கள் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் கேட்டை அடைத்துக்கொள்கின்றன. மீதிச் சந்தில் காலையிலிருந்தே உங்கள் ஆசிரியர்களின் கார்கள். செவ்வாய்க்கிழமை என் மனைவிக்குச் சிறுநீரகக் கல் வலி. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. கேட்டை மறித்து நின்றவர் கண்ணாடியை இறக்கி, "தோ மினிட் அங்கிள், பச்சா ஆ ரஹா ஹை" என்றார். அவர் பிள்ளை வரும்வரை வலி காத்திருக்குமா? கொட்டும் மழையில் அவளைக் கைத்தாங்கலாக மெயின் ரோடுவரை நடத்திக்கொண்டு போனேன்.

மாத இறுதிக்குள் வழி செய்யாவிட்டால் போக்குவரத்துப் போலீசுக்கு எழுதுவோம். நாம் உறவினர் என்பதை இக்கடிதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
இசக்கிராஜ்
செயலாளர், பாரிஜாத் சொசைட்டி


22 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்கு இப்போது எப்படி இருக்கிறது? கல் வெளியேறிவிட்டதா? இவ்வளவு எழுதிய நீ அதை எழுதவில்லையே.

நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆசிரியர்கள் கார் விடும் இடத்தைப் புதுக் கட்டடத்துக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் எல்லாம் சந்துக்கு வந்துவிட்டது. உங்கள் காம்பவுண்ட், ஆபீஸ் கார்கள் கிளம்பிய பிறகு காலியாகத்தான் கிடக்கிறது. பகலில் ஆசிரியர்களின் கார்களை அங்கே விட அனுமதித்தால், பெற்றோர் சந்தில் ஓரமாக நின்றுகொள்வார்கள், உங்கள் கேட் திறந்திருக்கும். பதிலுக்கு, உங்கள் வீடுகளுக்கு விருந்தாளிகள் வந்தால் இரவில் எங்கள் மைதானத்தில் வண்டியை விடட்டும். டிரஸ்டிடம் பேசிவிட்டேன்.

எதிரே உன் வீடு என்று தெரிந்துதான் இந்த வேலைக்கு வந்தேன். என் மகள் ஷர்மிளாவின் காதுகுத்துக்கு நீ வராமல் போனதை இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. இடம்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
செண்பகவல்லி


24 ஜூன் 2024

செண்பகவல்லிக்கு,

கல் வெளியேறிவிட்டது. தங்கமயில் நலம்.

நான் வரவில்லை என்று யார் சொன்னது? அன்று பட்டுப்பாவாடையும் கம்மலும் சீர்த்தட்டில் வைத்து, செம்பூரிலிருந்து நானே கார் ஓட்டி வந்தேன். மாட்டுங்காவில் அந்த மண்டபத்தைச் சுற்றி ஒரு கார் நிற்க இடமில்லை. வட்டமடித்து, வட்டமடித்து, கடைசியில் எங்கோ விட்டுவிட்டுத் தட்டோடு ஓடி வந்தேன். வாசலில் நின்று பார்க்கிறேன், பிள்ளை உன் கொழுந்தன் காளிராஜ் மடியில் இருக்கிறாள். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டான். எல்லோரும் கை தட்டுகிறீர்கள்.

தாய்மாமன் மடி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஆள் மாற்றிவிட்ட பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? திரும்பிவிட்டேன்.

என் கேட்டை மறிக்கிறவர்களுக்கு என் காம்பவுண்டையும் திறந்துவிடச் சொல்கிறாய். முடியாது.

இசக்கிராஜ்


25 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்து வாசித்துவிட்டேன். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

அன்று உனக்கு எத்தனை போன் செய்தேன், நீ எடுக்கவே இல்லை. ஓட்டிக்கொண்டு இருந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. "ராகு காலம் பொறக்கப் போவுது, இன்னும் எத்தன நேரம் உங்க அண்ணன எதிர்பாக்க? வாரவன் வரட்டும்" என்று என் மாமியார் நச்சரித்தார்கள். நான் அழுதுகொண்டேதான் பிள்ளையைக் கொழுந்தன் மடியில் வைத்தேன். வாசலில் நின்று "ஏ செண்பகம்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், ராகுவாவது கேதுவாவது, ஆசாரி கையைப் பிடித்திருப்பேன். நீயோ தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். கார் நிறுத்த இடம் கிடைக்காததற்கு இத்தனை வருடக் கோபமா, அண்ணே?

காம்பவுண்டை இனிக் கேட்க மாட்டேன். சின்ன வகுப்புகளை அரை மணி நேரம் முன்னால் விடச் சொல்லியிருக்கிறேன். பள்ளி விடும்போது உங்கள் கேட்டில் நானே விசிலோடு நிற்கிறேன். போலீசுக்கு எழுதுவதானால் எழுது. எனக்கு வருத்தமில்லை.

மதினியைப் பார்க்க வரலாமா? பள்ளி வேலையாக அல்ல.

உன் தங்கை


1 ஜூலை 2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

நேற்று சொசைட்டி கூட்டம். உன் யோசனையை நானே எழுந்து வாசித்தேன். வழக்கமாக எதையும் எதிர்ப்பவன் நான் என்பதால் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் மாடி பேச்சிராஜா, "செக்ரட்டரிக்கு உடம்பு சரியில்லையோ?" என்றான். சாயிரா அக்கா, "காலி எடத்துல பூனைதான் தூங்குது, டீச்சருங்க வரட்டுமே" என்று முதல் ஆளாகக் கை தூக்கினார்கள். பகலில் காலியாகும் இடங்களை எல்லோரும் எழுதிக்கொடுத்தார்கள். நாளை முதல் வரலாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. போலீசுக்கு எழுதவில்லை.

தங்கமயிலுக்காக லீவு போட்டிருந்தேன், போன வாரம் தினமும் உன்னைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, நனைந்த சேலையோடு, உன்னைவிட இரண்டு பங்கு இருக்கும் ஒருவனிடம் "காடி பீச்சே லோ, அபி லோ" என்று சத்தம் போட்டாய். அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான். "நாத்தனார ரோட்டுல நிக்க வச்சிட்டு இங்க என்ன வேடிக்க?" என்று தங்கமயில் என் கையிலிருந்த டீயைப் பிடுங்கிக்கொண்டாள்.

இன்று காலை வாட்ச்மேன் வந்து கேட்டதும் நீ கொடுத்தனுப்பிய கார்ப் பட்டியலில் உன் கார் இல்லை. அதை நீயே விட்டுவிட்டிருப்பாய் என்று தெரியும். நான் ஆபீசுக்கு ரயிலில் போவதால் பகலிலும் என் இடத்தில் என் கார்தான் நிற்கும். நாளையிலிருந்து அது உன் இடம். என் காரைக் காலையில் வெளியே எங்காவது கொண்டுபோய் விட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று பதில் எழுதாதே, வாங்க மாட்டேன்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. பாதிதான் போயிருக்கிறது. மீதிக்கு நீ நேரில் வந்துதான் சண்டை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா. ஷர்மிளாவையும் கூட்டிக்கொண்டு வா. மதினி ஆப்பத்துக்கு மாவு அரைக்கப் போகிறாள்.

உன் அண்ணன்