பதினான்காம் வரியின் நீச்சல் தேர்ச்சியை அடித்துவிடக் கோரி

அனுப்புநர்
வரிசை எண் 14 சாரணியின் தந்தை,
லிஃப்ட் மெக்கானிக்,
ரொட்டிக்கடை மாடி, ஆஸ்பத்திரிப் பின்சாலை.

பெறுநர்
வட்டார ஆணையர் அவர்கள்,
சாரணர் சாரணியர் இயக்க அலுவலகம்.

பொருள்: சாரணியர் படையின் முன்னேற்றப் பதிவேட்டில் சனவரி 18 அன்று இருபத்து மூன்று பேருக்கு எழுதப்பட்ட நீர்மீட்புத் தேர்ச்சியை, ஆகஸ்ட் 23 ஏரிக்கரை முகாமுக்கு முன் ரத்து செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக விசாரணை அறிக்கை, சூலை 12.
2. பதக்கம் குறித்த தங்கள் கடிதம், சூலை 28.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மே 11 அன்று ஏரிக்கரை முகாமில் நீரில் மூழ்கி இறந்த பதின்மூன்று வயதுச் சாரணியின் தகப்பன் எழுதிக்கொள்வது. படையில் அவளை ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள். கோடு போடாமல் எதையும் எழுதமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. தங்கள் அறிக்கையில் அவள் வெறும் வரிசை எண் 14. தேடுவதற்குத் தங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று நானும் மேலே அந்த எண்ணையே எழுதியிருக்கிறேன்.

2. கால் வழுக்கி ஏரியில் விழுந்த ஏழு வயதுச் சிறுமியைக் காப்பாற்ற என் மகள் குதித்தாள். சிறுமியைக் கரையோரம் கட்டியிருந்த கயிற்றின் பக்கம் தள்ளிவிட்டாள், தான் கரைக்கு வரவில்லை. சிறுமி பிழைத்ததில் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் அறிக்கையின் நான்காம் பக்கத்தில், "இவர் நீர்மீட்பில் தேர்ச்சி பெற்றவர் என்பதால் கரைக்காவல் முறைப்படியே ஒப்படைக்கப்பட்டது. தன் திறமையை மிகையாக நம்பி ஆழத்துக்குச் சென்றதே விபத்துக்குக் காரணம். எவரிடமும் கவனக்குறைவு இல்லை" என்று எழுதப்பட்டுள்ளது. ஐயா, இது பொய்.

3. தேர்வு நடந்ததாகச் சொல்லப்படும் சனவரி 18 அன்று நீச்சல் குளத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. தரை ஓடுகளை மாற்றுவதற்காக டிசம்பர் 27 முதல் மார்ச் 7 வரை குளம் மூடிக்கிடந்தது. அறிவிப்புப் பலகையின் படத்தை இணைத்துள்ளேன். நான் யாரென்று தெரியாத குளத்துக் காவலாளி, "தண்ணியே இல்லாத குளத்துல எவன் சார் நீந்துவான்?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

4. அன்று உண்மையில் நடந்தது இது. பள்ளிக்கூட மண்டபத்தில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டார்கள். பிள்ளைகள் அவற்றின்மேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்தார்கள். படைத் தலைவி விசில் ஊதி எண்ணினார். ஆளுக்கு இரண்டு நிமிடம், இருபத்து மூன்று பேரும் தேர்ச்சி. சாயங்காலம் வீட்டுக்கு வந்த மகள் சாப்பாட்டு மேசைமேல் படுத்து அதை நடித்துக் காட்டினாள். நானும் என் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

5. இதற்குக் காரணம் தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை. பதிவேட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டங்கள் காலியாக இருந்தால் படையின் தரம் குறைக்கப்படும் என்று அதில் உள்ளது. தங்கள் ஆய்வு சனவரி 24 அன்று. பெற்றோர் கூட்டத்தில் படைத் தலைவி, "கட்டம் காலியா இருந்தா நம்ம படையையே இறக்கிடுவாங்க. இப்ப போட்டு வெச்சுக்கலாம், குளம் திறந்ததும் எல்லாரையும் நீந்த வெச்சிடறேன்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். குளம் திறந்தபோது அடுத்த சின்னத்துக்கான வேலை தலைக்குமேல் வந்துவிட்டது. அந்த அம்மா பதினோரு வருடமாகச் சம்பளமில்லாமல் பிள்ளைகளோடு வெயிலில் நிற்பவர். உடலைக் கொண்டுவந்த அன்று எங்கள் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்தவர், மேலே ஏறி வர முடியாமல் அப்படியே திரும்பிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். ஆனாலும் அவரை மட்டும் பலிகொடுத்துவிட்டுக் கோப்பை மூடுவதற்கு இந்த மனுவைப் பயன்படுத்த வேண்டாம்.

6. என் மகள் தன் முன்னேற்றத்துக்குத் தானே தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தாள். உண்மையாகவே செய்து முடித்ததைப் பேனாவால் எழுதுவாள். பதிவேட்டில் தேர்ச்சி என்று போட்டும் தனக்குச் சரியாக வராததைப் பென்சிலால் எழுதுவாள். கூடாரம் அடிக்கும் தேர்வுக்கு நவம்பரிலேயே கையெழுத்து விழுந்துவிட்டது. பிப்ரவரியில் ஒரு மழைநாளில் தனியாக அடித்து முடித்த பிறகே பென்சிலை அழித்துப் பேனாவால் எழுதினாள். நீர்மீட்பு வரி கடைசிவரை பென்சில்தான். அதன்கீழ்ச் சிறிய எழுத்தில், "மார்ச் 29: குளத்தின் அகலத்தில் பாதி. ஏப்ரல் 26: முழு அகலம், நடுவில் ஒருமுறை நின்றேன்" என்று உள்ளது. தேர்வுக்கு வேண்டியது ஐம்பது மீட்டர், அதுவும் ஓர் ஆளை இழுத்துக்கொண்டு. தன்னை மிகையாக நம்பிய பிள்ளை எழுதுகிற எழுத்தா இது என்று தாங்களே பார்க்க வேண்டுகிறேன்.

7. முகாமில் படைத் தலைவி பதிவேட்டைப் பார்த்துக் கரைக்காவலுக்குப் பெயர் வாசித்தபோது என் மகள் கையைத் தூக்கி, "மேடம், எனக்கு அது பென்சில்தான்" என்றாளாம். "பதிவேட்டுல பேனாவுலதானே இருக்கு, போய் நில்லும்மா" என்று பதில் வந்ததாம். பக்கத்தில் நின்ற அவள் தோழி இதைத் தன் தாயார் முன்னிலையில் என்னிடம் சொன்னாள். விசாரணைக் குழு அந்தப் பிள்ளையிடம், மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டது.

8. ஆகஸ்ட் 23 முகாமின் தொடக்க விழாவில் என் மகளுக்கு வீரப் பதக்கமும், அவள் பெற்ற சின்னங்களின் சான்றிதழும் வழங்கவிருப்பதாகத் தங்கள் கடிதம் கூறுகிறது. சான்றிதழின் ஆறாம் வரி நீர்மீட்பு. என் மனைவி கடிதத்தைப் படித்து மடித்து என்னிடம் கொடுத்து, "நீந்தத் தெரியாத புள்ளைக்கு நீச்சலுக்குச் சர்ட்டிபிகேட்டா? கரையில மறுபடியும் யாரை நிக்க வெப்பாங்க?" என்று கேட்டாள். விசாரித்தேன். அதே பதிவேடுதான், அதே தேதிதான். மீதமுள்ள இருபத்திரண்டு பேரிலிருந்துதான் கரைக்காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

9. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மனுவும் அந்தப் பதிவேட்டைப் போன்றதாகிவிடும். நான் பார்ப்பது லிஃப்ட் வேலை. ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். மேலும் கீழும் ஏறி இறங்கிப் பார்க்காமல் பதினேழு வருடத்தில் ஓர் அட்டையிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பதிவேட்டின் பதினான்காம் வரியில் மூன்று கையெழுத்துகள் உள்ளன. தேர்வாளர் என்று படைத் தலைவியுடையது. சரிபார்த்தவர் என்று தங்களுடையது. "நேரில் கண்ட பெற்றோர்" என்ற கட்டத்தில் இருப்பது என்னுடையது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு, மகள் கொண்டுவந்த பதிவேட்டுத் தாளைச் சுவரில் வைத்துப் போட்டேன். "அப்பா, நீங்க பார்க்கவே இல்லையே" என்றாள். "எல்லாரும் போடறாங்கம்மா, குடு" என்றேன். நான் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

10. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) சனவரி 18 தேதியிட்ட இருபத்து மூன்று தேர்ச்சிகளையும் முகாமுக்கு முன் ரத்து செய்து, தண்ணீரில் நீந்திக் காட்டாத எந்தப் பிள்ளையையும் கரைக்காவலில் நிறுத்தக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிடவும்;

(ஆ) "தன் திறமையை மிகையாக நம்பி" என்ற வாக்கியத்தை அறிக்கையிலிருந்து நீக்கி, கவனக்குறைவாகக் கையெழுத்திட்டவர்களின் பட்டியலில் என்னையும் சேர்க்கவும்;

(இ) பதினான்காம் வரியை அடிக்கும் நாளை எனக்குத் தெரிவிக்கவும் பணிந்து வேண்டுகிறேன். நேரில் வந்து முதலில் என் கையெழுத்தை நானே அடிக்கிறேன். மற்ற இருவரும் அதன்பிறகு அடிக்கட்டும்.

மகளின் நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். விசாரணைக்கு அசல் வேண்டுமென்றால் நானே எடுத்துவந்து காட்டி, கையோடு திரும்பக் கொண்டுபோய்விடுவேன். எவர் கையிலும் விட்டுவைக்க மாட்டேன். அதில் நீர்மீட்பு வரி பென்சிலில்தான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
வரிசை எண் 14 சாரணியின் தந்தை

நாள்: ஆகஸ்ட் 4
இடம்: வீடு, சாப்பாட்டு மேசை

இணைப்பு: 1. குளம் மூடிய அறிவிப்பின் படம்.
2. மகளின் நோட்டு, பக்கம் 9 முதல் 12 வரை, நகல்.