மாடிப்படியில் மாட்டிக்கொண்ட பீரோ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இன்று திங்கள் காலை வரை அப்பாவும் நானும் வீட்டை விட்டு இறங்க வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தோம்.

ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா சனிக்கிழமை தவறாமல் நகராட்சி ஏலத்துக்குப் போவது உனக்குத் தெரியும், போன மாதம் ஏழு சுவர்க்கடிகாரம் வாங்கினார், அதில் ஓடுவது இரண்டு, அவையும் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன. இந்த வாரம் இழுத்து மூடிய ஒரு லாட்ஜின் சாமான்கள் வந்தனவாம். மூன்று கதவு மர பீரோ, அடிமாட்டு விலை. ஏலம் விடுகிறவர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டால், "நம்ம பொண்ணு வந்தா துணிமணி வைக்க இடம் வேணாமா" என்கிறார். நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா முன்னால் ஏறி வந்துவிட்டார், நாலு பேர் கீழிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள், அது நம் மாடித் திருப்பத்தில் ஒரு மூலை சுவரிலும் இன்னொரு மூலை கைப்பிடிக் கம்பியிலுமாக இறுகிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அறுத்தால்தான் உண்டு என்றார்கள், அப்பா விடவில்லை, "இந்த விலைக்கு இனிமே கிடைக்குமா" என்று அவர்களோடு சண்டை. அவர்கள் போய்விட்டார்கள். நான் பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய பையில் கீழ்வீட்டு டீச்சர் பால் பாக்கெட் வைக்க, மேலே இழுத்தேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். கதவைத் திறக்கும் போதெல்லாம் பீரோவின் முதுகுப் பலகைதான், கை நுழைய மட்டும் ஒரு சந்து. மூன்று அறையும் சுருங்கி என்னை நெருக்குவது போல இருந்தது.

உன்னிடமும் அவரிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபப்படாதே. எனக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, இன்று பதினோரு மணிக்கு ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை பயந்துகொண்டு தேதியைத் தள்ளினேன், "இதுக்கு மேல தள்ளாதீங்கம்மா, பார்வை போயிரும்" என்று டாக்டர் கண்டித்துவிட்டார். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டீச்சரோடு போய் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். விடிந்ததும் வேறு வழியில்லாமல் அவரிடம் சொன்னேன். "எங்கிட்டகூடச் சொல்லத் தோணலயா" என்று கேட்டார், அவ்வளவுதான். தச்சருக்குப் போன் போட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, மேல்பக்கமிருந்து அறுத்தால்தான் கழலும் என்று சந்து வழியாக ரம்பத்தை நீட்டினார். அப்பாவே படியில் உட்கார்ந்து அறுத்தார், நடுவில் நிறுத்தவே இல்லை, சட்டையெல்லாம் மரத்தூள். நான் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாது.

வழி திறந்துவிட்டது, எனக்குத்தான் இறங்கக் கால் வரவில்லை. அப்பா ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார், அதற்குள் இதை எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். நீ அலைந்துகொண்டு ஓடி வர வேண்டாம். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு.

ஒன்று மட்டும் மறக்காதே. ஒருநாள் அவரோடு அந்த ஏலத்துக்குப் போயிருந்தேன். வாசலில் இவர் தலை தெரிந்ததுமே ஏலம் விடுகிறவர், "வாங்க சார், உங்களுக்காகத்தான் பாத்துட்டிருக்கோம்" என்றார். அப்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாராவாரம் போகிறார். ஏலம் சனிக்கிழமை பத்து மணிக்கு. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் போடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, அவர் பேசுவார்.

மூவரும் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா