பதினேழாம் பெட்டி

ஜூன் 4

அன்புள்ள கிடங்குக்காரருக்கு,

நலம். டைல்ஸ் கடையில் "இந்தக் கல்லு கறை புடிக்குமா?" என்ற கேள்விக்கு நான்கு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓர் உதவி. சுரங்கப்பாதைக்காகத் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளில் பதினேழாம் பெட்டி வேண்டும். பாறை அடுக்கில் பருமணல் அடியில், நுண்மணல் மேலே படியும். அந்தப் பெட்டியில் மூன்று துண்டுகளில் மட்டும் அது தலைகீழ். ஆழத்துச் சூட்டில் இரண்டு பக்கமும் நெருக்கி, பாறை போர்வை போல மடிந்து கவிழ்ந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தேன். அதை நம்பிப் பாதையையே மாற்றினார்கள். பிறகு பழைய இடத்தைத் தோண்டிப் பார்த்தால் மடிப்புமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. "மடிப்பு மேடம்" என்று சிரித்தே வேலையை விட்டு அனுப்பினார்கள். எங்கே தப்புச் செய்தேன் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் பாறைக்காரி

ஜூன் 12

என் பாறைக்காரிக்கு ஆயிரம் அன்பு.

நீயில்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தங்கை வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பாய்?

அந்தப் பெட்டி கூரை ஒழுகி வீணாகி, குப்பையோடு போய்விட்டது. யாருக்குத்தான் தப்பு நடக்காது? உனக்காக மேலாளரிடம் அன்றைக்கே மன்றாடினேனே. விட்டுத்தள்ளு, கிளம்பி வா.

உன்னவன்

ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

கிடங்கு வாட்ச்மேனிடம் கேட்டேன். "பெட்டி பத்திரமா இருக்கும்மா" என்று லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மூன்று துண்டுகளையும் சேர்த்துத் தலைகீழாகத் திருப்பினேன். உடைந்த முனைகள் பக்கத்துத் துண்டுகளோடு கச்சிதமாகக் கவ்விக்கொண்டன. அன்றைக்கே பொருத்திப் பார்க்காதது என் தப்பு. ஆனால் திருப்பி வைத்தது யார்? அப்போது கிடங்குச் சாவி உங்களிடம் மட்டும்தான் இருந்தது.

எழுத்தில் பதில் வேண்டும்.

பாறைக்காரி

ஜூலை 8

கண்ணே,

மறைத்தது பாவம்தான். பெட்டி என் கை தவறி விழுந்தது. அவசரமாக எடுத்து அடுக்கினேன். நீ மடிப்பு என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம். அந்த வாரம்தான் என் பதவி உயர்வு நேர்காணல். உன்னைக் கொஞ்சம் திட்டுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். ஆபீஸுக்குத் தெரிந்தால் என் மானமே போய்விடும். நமக்குள்ளேயே இருக்கட்டும். உன் காலில் விழுகிறேன்.

உன்னவன்

ஜூலை 15

கிடங்குப் பொறுப்பாளருக்கு,

நான்கு வருஷம் என் படிப்பையே சந்தேகப்பட்டேன். தூக்கமில்லாமல் அழுதபோது, "எல்லாருக்கும் நடக்கறதுதான்மா" என்று தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். அந்தக் கையை நினைத்தால் உடம்பு கூசுகிறது. இனி அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

உங்கள் ஜூலை 8 கடிதத்தின் அசல் மேலாளருக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. நகல் இத்துடன் இருக்கிறது. எது மேல்பக்கம் என்று அதில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பாறை ஆய்வாளர்