உறையில் இருந்த பேர்

மருமகள் தினேஸ்வரிக்கு,

தைப்பிங்கில் இன்னும் மழையா? பிள்ளைக்குச் சளி விட்டதா?

குணாவின் கருமக்கிரியை முடிந்த அன்றே உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். எந்த முகத்தோடு நான் தடுப்பேன்?

உன் மாமனார் இறந்த பிறகு அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் குணா வேலைக்குப் போனான். கல்யாணமாகி வந்த புதிதிலேயே நீ சொன்னாய்: "அத்தை, இறந்தவங்க பேர்ல இன்சூரன்ஸ் எடுத்தா செல்லாதாம். இவரு பேருக்கு மாத்திடலாம் லா."

நான் அழுதேன். வருடம் ஒருமுறை அந்த இன்சூரன்ஸ் தாளில் அவர் பேரைப் பார்க்கும்போது, எங்கோ வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். "விடு லா, அம்மா மனசு நோக வேணாம்" என்றான் குணா. அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜெலாப்பாங் சாலையில் நடந்த விபத்தைப் பற்றி எழுத என் கை வரவில்லை.

நேற்று இன்சூரன்ஸ்காரர்களின் பதில் வந்தது. உனக்கும் பிள்ளைக்கும் எதுவும் கிடையாதாம். அன்றைக்கு நீ சொன்ன அதே காரணம்தான்.

அந்தக் கடிதமும் உன் மாமனார் பேருக்குத்தான் வந்திருக்கிறது. ஆறு வருடமாக விரலால் தடவிப் பார்த்த பேர். நேற்று அதைத் தொட முடியாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உறையைப் பிரிக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
நீ இன்னமும் அப்படிக் கூப்பிட்டால்,
உன் அத்தை