கல்லறையோடு சேர்த்து மூன்று பேர்

என் ஒமேனா மீன்குஞ்சே,

இங்கே பல்வலி ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை. கத்தாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் தங்கை அவினோ தையல் பழகுகிறாள், அதற்குள் மூன்று ஊசியை முறித்தாயிற்று. ஏரியில் மீன் குறைவு, மழைக்கு மட்டும் குறைவில்லை.

போன செவ்வாய் பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் சனங்களின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று பல படிப்புக்காரர்களும் சேர்ந்து பார்க்கிறார்களாம். ஒருத்தர் மண் படித்தவர், ஒருத்தர் நோய், ஒருத்தர் ஊர் வழக்கம், கணக்கெடுக்க ஒரு பெண். மண்காரர் சமையல் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினார், நம் நாய் உடனே அதில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தப் பெண் "வீட்ல எத்தன பேரும்மா?" என்றாள். மூன்று என்று சொல்லி என் பெயர், அவினோ பெயர், உன் அப்பா பெயர் மூன்றையும் கொடுத்தேன். "அவரக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்றாள். வாசலுக்கு வலப்பக்கம் கல்லறையைக் காட்டினேன். நம் முற்றத்திலேயே படுத்திருக்கிற மனிதரை எப்படியடி கழிப்பது? அவள் அழிக்கப் போக, வழக்கம் படித்தவர் "அழிக்காத, அதுதான் விசயமே" என்று கையைப் பிடிக்க, நோய்க்காரர் "அப்ப நான் அவருகிட்டப் போய்க் காய்ச்சல் இருக்கான்னு கேக்கவா?" என்று சிரிக்க, ஒரே சண்டை. நான்தான் கஞ்சி கொடுத்து அடக்கினேன்.

அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா ஒபுயா வந்தார். அண்ணன் போனால் அண்ணியைத் தம்பி ஏற்க வேண்டும் என்று எட்டு மாதமாக இந்த வீட்டைச் சுற்றுகிறவர்தானே. நேரே உள்ளே போய் உன் அப்பா சட்டை மாட்டுகிற ஆணியில் தன் கோட்டை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, "வீட்டுத் தலைவர்னு எம் பேர எழுதும்மா" என்றார். எனக்குத் திக்கென்றது. காகிதத்தில் ஏறிவிட்டால் அதையே பெரியவர்களிடம் காட்டிக் குடியேறிவிடுவாரே. கோட்டை எடுத்து வந்து அவர் மடியிலேயே வைத்தேன். "செத்தவனா, அண்ணி, வீட்டுக்குத் தலைவன்?" என்றார். "அவரு இல்ல, நான்" என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண் அப்படியே எழுதி, பேனாவை நீட்டினாள். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். ஒபுயா ரெண்டாவது கஞ்சியையும் குடித்து முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனார்.

கடவுள் உன்னை உச்சி முதல் பாதம் வரை காக்கட்டும். குளிர் எந்திரத்துக்கு நேரே படுக்காதே. சித்தப்பா போனில் அழுதால் நீயும் கூட அழு, சம்மதம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா
ரோசலியா

எல்லாரும் போன பிறகு கல்லறைப் பக்கம் உட்கார்ந்து நடந்ததை ஒப்பித்தேன். முப்பது வருசம் அவர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேனே, உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாரா, இல்லை தொடையைத் தட்டிச் சிரித்திருப்பாரா, சொல்லடி?